இரண்டு இருந்தால் போதுமா? பழுதைத் தாங்கும் அமைப்புகள் பற்றிய எளிய விளக்கம்

“காப்புப் பிரதி இருக்கிறது, பயமில்லை” என்ற பேச்சை இப்போது திருகோணமலையில் எங்கும் கேட்கலாம். கடைக்காரர் தமது விற்பனைக் கணக்கைப் பற்றியும், கோயில் பரிபாலன சபையினர் தமது ஆவணங்களைப் பற்றியும், பாடசாலை அலுவலகத்தில் இருப்பவர் மாணவர் பதிவேட்டைப் பற்றியும் ஒரே தொனியில் இதைச் சொல்கிறார்கள். சொல்பவரின் மனத்தில் இருப்பது, ஒரு பொருளுக்கு இரண்டு படிகள் உண்டு என்பது மட்டுமே. அந்த இரண்டையும் ஒரே காரணம் கெடுத்துவிடுமா, ஒன்று கெட்டுப்போனால் அது யாருக்குத் தெரியவரும், மற்றதை எடுத்துப் பயன்படுத்த யாருக்குத் தெரியும் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. பாதுகாப்பின் பெரும்பகுதி அந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளில்தான் இருக்கின்றது.

பழுது தாங்கும் தன்மை என்ற இந்தக் கருத்து கணினித் துறையில் முறையாக வளர்ந்தது. ஆனால் சங்கங்களும் வழிபாட்டு மரபுகளும் இதே சிக்கலை நெடுங்காலமாகத் தத்தம் வழியில் எதிர்கொண்டு வந்திருக்கின்றன. ஆகவே அடிப்படையைக் கணினியில் புரிந்துகொண்டு, பின்னர் மற்ற இரண்டுக்கும் செல்வோம். கணினி படித்திராதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

வள்ளமும் இரண்டாவது இயந்திரமும்

கரையிலிருந்து பல மைல் தூரம் சென்று மீன்பிடிக்கும் ஒரு வள்ளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே ஓர் இயந்திரம் பூட்டப்பட்டிருக்கின்றது. அது நடுக்கடலில் நின்றுவிட்டால் வள்ளம் நீரோட்டம் இழுக்கும் திசையில் போகும். இதை அஞ்சிய உரிமையாளர் இரண்டாவது இயந்திரம் ஒன்றையும் வாங்கிப் பூட்டுகிறார். இப்போது ஒன்றின் விசிறி உடைந்தாலும் மற்றதைக் கொண்டு கரை சேரலாம்.

ஆனால் இரண்டு இயந்திரங்களும் ஒரே கலனிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்கின்றன. கலனுக்குள் தண்ணீர் கலந்திருந்தால் இரண்டும் அடுத்தடுத்து நின்றுவிடும். இரண்டாவதற்குத் தனிக்கலன் வைத்தாலும், இரண்டு கலன்களையும் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பியிருந்தால் நிலைமை மாறாது. வள்ளத்தில் ஒரு சோடித் துடுப்புகள் கிடந்தால் அவற்றின் வலிமை இயந்திரத்தின் வலிமையில் ஒரு சிறு பங்குதான். எதிர்நீரோட்டத்தில் அவற்றைக் கொண்டு பத்து மைல் வருவது இயலாது. எனினும் இயந்திரத்தை நிறுத்தும் எந்தக் காரணமும் துடுப்பை நிறுத்தாது. வள்ளத்தின் முகத்தை அலைக்கு நேராகப் பிடித்து, வேறு வள்ளம் வரும்வரை கவிழாமல் காத்துக்கொள்ள அது உதவும். மாதக்கணக்கில் ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்காத இரண்டாவது இயந்திரத்தின் நிலையையும் கவனிக்க வேண்டும். அதற்குள் உப்பு ஏறி இறுகிப் போயிருந்தால், இரண்டு இயந்திரங்கள் உள்ள வள்ளம் என்று உரிமையாளர் நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் ஓர் இயந்திரமே அவரிடம் இருக்கின்றது.

இந்த வள்ளத்தை வைத்தே சொற்களை வரையறுத்துக்கொள்ளலாம். எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பது பழுது. அதாவது ஒரு பகுதியில் உள்ள குறை. அதனால் இயந்திரம் இருமி இருமி ஓடுவது பிழை. அதாவது அமைப்பு இருக்கக்கூடாத நிலைக்கு வந்துவிட்டது. வள்ளம் கரைக்குத் திரும்ப முடியாமல் போவது செயலிழப்பு. அதாவது எதற்காக அமைப்பு இருக்கின்றதோ அந்த வேலையே நின்றுவிட்டது. பழுது செயலிழப்பாக வளராமல் இடையில் தடுத்து நிறுத்தும் ஆற்றலே பழுது தாங்கும் தன்மை. வழக்கமான வேலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக வைத்திருப்பது மிகைமை. முன்னது நோக்கம், பின்னது அந்த நோக்கத்துக்கான வழிகளில் ஒன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. துடுப்பு செய்வதைப் போல, முழு வேலை முடியாதபோது குறைந்த அளவிலேனும் வேலையைத் தொடர்வதற்குத் தாழ்நிலைத் தொடர்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சுருக்கமாக: பழுது வரவே வராது என்று எந்த அமைப்பும் உறுதி கூற முடியாது. எத்தனை பழுதுகளை, எவ்வகைப் பழுதுகளை அது தாங்கும் என்றே கேட்க வேண்டும்.

கணக்கு எங்கே ஏமாற்றுகின்றது

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் வேலை செய்யும் ஒரு சேவையகம் இருக்கின்றது என்போம். சேவையகம் என்பது மற்றக் கணினிகள் கேட்பதை வழங்கிக்கொண்டிருக்கும் கணினி. நூற்றில் ஒரு பங்கு நேரம் அது நின்றிருக்கும். ஓர் ஆண்டில் இது மூன்றரை நாளுக்குச் சற்று மேல். அதே போன்ற இன்னொன்றை அருகில் வைத்தால், இரண்டும் ஒரே வேளையில் நின்றிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றின் நூற்றில் ஒன்று, அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடங்கள். ஒரு பொருளை இரட்டித்ததும் மூன்றரை நாள் ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கிவிடுகின்றது. மிகைமையை விற்பவர்கள் காட்டும் கணக்கு இதுவே.

கணக்கில் தவறு இல்லை. ஆனால் ஒன்றின் வீழ்ச்சிக்கும் மற்றதன் வீழ்ச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்ற நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கின்றது. இரண்டும் ஒரே மின்கம்பியில் தொங்கினால், ஒரே அறையில் வெள்ளம் புகுந்தால், ஒரே மென்பொருளில் ஒரே பிழை இருந்தால், பெருக்கல் பொருந்தாது. மூன்றரை நாள் மீண்டும் மூன்றரை நாளாகவே நிற்கும். பல பகுதிகளை ஒருசேர வீழ்த்தும் இத்தகைய காரணத்தைப் பொதுக் காரணப் பழுது என்பர். திருகோணமலையில் இருவேறு நிறுவனங்களின் தொலைபேசி அட்டைகளை வைத்திருப்பவர் தமக்கு இரண்டு வழிகள் உண்டு என்று நினைக்கிறார். இரண்டு நிறுவனங்களும் அலைவாங்கிகளை ஒரே கோபுரத்தில் பூட்டியிருந்தால், கோபுரத்துக்கு மின்சாரம் போன கணத்தில் அவருக்கு ஒரு வழியும் இல்லை.

இதற்குப் புகழ்பெற்ற சான்று 1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட, செயற்கைக்கோள்களை விண்ணுக்குக் கொண்டுசெல்லும் ஏரியன் 5 ஏவுகணை. அதன் திசையையும் அசைவையும் அளந்து சொல்ல இரண்டு கருவித் தொகுதிகள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றது பொறுப்பேற்க வேண்டும். இரண்டிலும் ஓடியது முந்திய ஏரியன் 4 இலிருந்து எடுத்த ஒரே மென்பொருள். புதிய ஏவுகணை கிடைத்திசையில் கூடுதல் வேகம் கொண்டதாகையால், அந்த மென்பொருள் ஒதுக்கியிருந்த இடத்துக்குள் அடங்காத ஓர் எண் தோன்றியது. அந்த இடத்தில் 32,767 வரையான எண்ணே அடங்கும். முதலில் மாற்றாக வைத்திருந்த தொகுதி நின்றது. நொடியின் பத்தில் ஒரு பங்குகூடக் கழியாமல், அதே கணக்கைச் செய்துகொண்டிருந்த மற்றதும் அதே காரணத்தால் நின்றது. புறப்பட்டு 40 நொடிகள் அளவில் ஏவுகணை வானிலே சிதறியது. கருவிகளின் உலோகமும் கம்பியும் நன்றாகவே இருந்தன. கருவியை இரட்டித்தவர்கள் அதற்குள் இருந்த தவறான எண்ணத்தையும் சேர்த்தே இரட்டித்திருந்தார்கள்.

நமக்கு மிக அருகில், மிகுந்த வேதனையோடு நினைவில் நிற்கும் சான்றும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கேனும் படி இருந்த அச்சு நூல்களைப் பின்னர் தேடிப்பெற முடிந்தது. அங்கே மட்டும் இருந்த ஏடுகள் போனவை போனவையே. ஒரு நூலுக்கு அதே கட்டடத்தில் ஐந்து படிகள் இருந்திருந்தாலும், நெருப்பின் முன் அவை ஒரே படிதான்.

கணினிக்குள் நடப்பது

கணினித் துறையில் மிகைமை மூன்று உருவங்களில் வருகின்றது. எளியது, முழுப் படி வைத்திருப்பது. அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாவது உருவம் சரிபார்ப்புத் தகவல். மூன்று வன்தட்டுகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள்; வன்தட்டு என்பது கணினி தரவைச் சேமித்து வைக்கும் பாகம். முதலாவதில் 7 என்ற எண்ணையும் இரண்டாவதில் 5 என்ற எண்ணையும் எழுதி, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையான 12ஐ எழுதுகிறோம். இரண்டாவது தட்டு எரிந்துபோனால், 12இலிருந்து 7ஐக் கழித்து 5ஐ மீட்டுவிடலாம். எந்தத் தட்டு போனாலும் எஞ்சிய இரண்டிலிருந்து அதைத் திரும்ப ஆக்கலாம். ஆனால் இரண்டு போனால் முடியாது. உண்மையான அமைப்புகள் கூட்டலுக்குப் பதிலாக அதற்கு இணையான இரும எண் செயல் ஒன்றைச் செய்கின்றன, கருத்து இதுவே. 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய தட்டுத் தொகுதிகளை வகைப்படுத்தி எழுதிய பின் உலகெங்கும் இவை பரவின.

பிழையைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் வேறுவேறு என்பதை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹமிங் என்ற கணித அறிஞர், வார இறுதியில் தாம் ஓடவிட்டுச் செல்லும் கணக்குகளை இயந்திரம் பிழை கண்டதும் கைவிட்டுவிடுவதைக் கண்டு சலித்தார். பிழை இருக்கின்றது என்று இயந்திரத்துக்குத் தெரியுமென்றால், அது எங்கே இருக்கின்றது என்று கண்டு திருத்த ஏன் முடியாது என்பது அவர் எழுப்பிய கேள்வி. சரிபார்ப்பு இலக்கங்களைச் சற்றுக் கூடுதலாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பார்க்கும்படி அமைத்தால் பிழையின் இடத்தையே சுட்டலாம் என்று 1950இல் அவர் காட்டினார். இன்றைய சேவையகங்களின் நினைவகத்தில் அந்தக் கருத்தே வேலை செய்கின்றது.

மூன்றாவது உருவம் வாக்கெடுப்பு. ஒரே கணக்கை மூன்று கணினிகளிடம் கொடுத்து, இரண்டு ஒத்துச் சொல்லும் விடையை ஏற்பது. நம்பகமற்ற உறுப்புகளைக் கொண்டே நம்பகமான இயந்திரத்தை ஆக்கலாம் என்பதை ஜோன் வொன் நொய்மன் 1950களிலே இவ்வழியில் கணித முறையாக ஆராய்ந்தார். இரண்டு கணினிகள் இருந்து முரண்பட்டால் எது சரியென்று தெரியாது; மூன்று இருந்தால் தெரியும். ஆனால் பழுதான உறுப்பு வெறுமனே தவறாகச் சொல்லாமல், ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் சொன்னால் மூன்று போதாது. அத்தகைய ஒருவரைத் தாங்க நால்வர் வேண்டும், இருவரைத் தாங்க எழுவர் வேண்டும் என்பதை லெஸ்லி லாம்போர்ட்டும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1980களின் தொடக்கத்தில் நிறுவினர். மௌனமாகச் சாகும் உறுப்பைவிட ஆளுக்கொரு பேச்சுப் பேசும் உறுப்பு அமைப்புக்குக் கூடுதல் செலவு வைக்கின்றது.

பரவலான ஒரு தவறான எண்ணத்தை இந்த இடத்தில் களைய வேண்டும். தட்டுகள் பல இருப்பதும், கையடக்கத் தொலைபேசிப் படங்கள் தாமாகவே இணையச் சேமிப்பகத்துடன் ஒத்திசைவதும் காப்புப் பிரதி ஆகமாட்டா. நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் உடனே எல்லாத் தட்டுகளுக்கும் போய்ச் சேரும். ஒத்திசைவின் வேலையே அதுதான். வன்தட்டு எரிவதை அது தாங்கும். மனிதர் கை தவறுவதைத் தாங்காது. காப்புப் பிரதி என்று சொல்வதற்கு அது கடந்த காலத்தின் ஒரு நிலையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், இன்றைய மாற்றம் தொட முடியாத வேறிடத்தில் இருக்க வேண்டும்.

இதுவரை கண்டவை: முழுப் படி, சரிபார்ப்புத் தகவல், வாக்கெடுப்பு. ஒவ்வொன்றும் ஒருவகைப் பழுதை மட்டும் தாங்குகின்றது. அவை எல்லாவற்றுக்கும் தேவையான நிபந்தனை, உறுப்புகள் ஒரே காரணத்தால் வீழக்கூடாது என்பது.

ஒன்று விழ மற்றதும் விழுதல்

உறுப்புகள் தனித்தனியாகத் தோன்றினாலும் சுமையைப் பகிர்ந்து சுமக்கும்போது வேறோர் ஆபத்து வருகின்றது. ஒன்று விழுந்ததும் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறி, அவையும் விழுகின்றன. இதைத் தொடர் வீழ்ச்சி என்போம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை மின் உபநிலையத்தில் ஏற்பட்ட ஒரு குழப்பம் இலங்கை முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கியது. குரங்கு ஒன்று காரணம் என்று அமைச்சர் கூறியதையே பலரும் பேசினார்கள். என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எங்கோ ஓரிடத்தில் ஏற்பட்ட பழுது அங்கேயே நிற்காமல் திருகோணமலை வரை ஏன் வந்தது? நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் மூன்று மின்பிறப்பாக்கிகள் உண்டு. மூன்றும் அன்று நின்றுபோயின, அடுத்த நாட்களில் மின்வெட்டும் வந்தது. ஏதாவது ஓர் உறுப்பு விலகினாலும் எஞ்சியவை தாங்க வேண்டும் என்பது மின்வலையமைப்புகளுக்கு உலகெங்கும் வகுத்திருக்கும் விதி.

தொடர் வீழ்ச்சிக்கு மருந்து பிரித்து வைத்தல். திருகோணமலையை அடுத்த சீனன்குடாவில் உள்ள எண்ணெய்த் தாங்கிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பிரித்தானியர் காலத்தில் கட்டப்பட்ட அவற்றுள் இன்று 99 எஞ்சியுள்ளன. அவ்வளவு எண்ணெயையும் சில பெரும் தாங்கிகளில் சேர்த்து வைப்பது மலிவாக இருந்திருக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து அழிந்தது, தொகுதி அழியவில்லை. இடைவெளி விட்டுக் கட்டுவதற்குக் கூடுதல் நிலமும் குழாயும் உருக்கும் செலவாகியிருக்கும். அந்தச் செலவின் பயன் அன்று தெரிந்தது.

சங்கங்களும் சபைகளும்

மனிதர் கூடி நடத்தும் அமைப்புகளில் மிகைமை பற்றிய குழப்பம் இன்னும் கூடுதல். வங்கிக் காசோலையில் இருவர் கையொப்பம் இட வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொள்வோம். இருவர் இருக்கிறார்கள், ஆகவே பாதுகாப்பு இரட்டிப்பு என்று உறுப்பினர்கள் நினைக்கிறார்கள். களவைத் தடுப்பதில் அது உண்மை. வேலை தொடர்வதில் அது நேர்மாறு: இருவரில் எவர் நோயுற்றாலும், வெளிநாடு போனாலும், கோபித்துக்கொண்டு விலகினாலும் சங்கத்தின் பணம் முடங்கிவிடும். இரண்டு உறுப்புகளும் வேலை செய்தாக வேண்டும் என்ற அமைப்பைத் தொடர்நிலை என்றும், ஏதாவது ஒன்று போதும் என்ற அமைப்பைச் சமாந்தரநிலை என்றும் பாடசாலையில் மின்சுற்றுப் பாடத்தில் படித்திருப்போம். தொடர்நிலையில் ஆட்களைக் கூட்டக் கூட்ட நின்றுபோகும் வாய்ப்பு கூடும். எவராவது ஒருவர் ஒப்பமிட்டால் போதும் என்றால் வேலை நிற்காது, ஆனால் ஒரு நேர்மையற்றவர் போதும் பணம் போக.

மூவரில் எவராவது இருவர் என்ற விதி இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே நிற்கின்றது. ஒருவர் இல்லாமற் போவதையும் ஒருவர் நேர்மை தவறுவதையும் அது தாங்கும். நம் பகுதியில் பல சங்கங்கள் இவ்விதியை எழுதும்போது, மூவரில் பொருளாளர் கட்டாயம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகின்றன. அந்த வரியோடு பொருளாளர் ஒற்றை முறிவுப் புள்ளியாகிவிடுகிறார். அதாவது அவரிடத்தில் வரும் ஒரு பழுது முழு அமைப்பையும் நிறுத்தப் போதுமானது. காசோலையில் மட்டுமன்றி, உறுப்பினர் பட்டியல் இருக்கும் கணினியின் கடவுச்சொல் ஒருவருக்கே தெரிந்திருப்பதிலும், காணி உறுதி ஒருவர் வீட்டு அலுமாரியில் இருப்பதிலும், தேர்த் திருவிழாவின் ஒழுங்கு முழுவதும் ஒரு முதியவரின் நினைவில் மட்டும் இருப்பதிலும் இதே நிலைமைதான்.

ஒரே வேலையை இரண்டு பிரிவுகள் செய்வது வீண் என்ற கருத்து நிருவாகத்தில் ஆழ வேரூன்றியது. அமெரிக்க அரசியல் அறிஞர் மார்ட்டின் லண்டோ 1969இல் இதை மறுத்து எழுதினார்: தனித்தனியே தவறக்கூடிய பிரிவுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதால்தான் பொது நிருவாகம் தவறுகளைத் தாண்டி நிற்கின்றது என்பது அவர் வாதம். நான் அதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். இயந்திரத்துக்கு இல்லாத ஓர் இயல்பு மனிதருக்கு உண்டு: இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம். கணக்கைச் சரிபார்க்க இருவரை நியமித்தால், முதலாமவர் இரண்டாமவரை நம்பியும் இரண்டாமவர் முதலாமவரை நம்பியும் மேலோட்டமாகப் பார்த்து ஒப்பமிடுவார்கள். ஆளைக் கூட்டியதால் கவனம் குறைந்துவிடுகின்றது. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்காமல், வேறு ஆவணத்திலிருந்து தாமே கணக்கிட்டு, பிறகு இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால் மட்டுமே அது இரண்டு சரிபார்ப்பாகும்.

வழிபாட்டு மரபுகள் தம்மைக் காத்த விதம்

நம்பிக்கையை இயந்திரத்தோடு ஒப்பிடுவது சிலருக்கு மனவருத்தம் தரலாம். இறைவன்மீது ஒருவர் கொள்ளும் பற்றைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அந்தப் பற்றை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசேர்க்கும் பாடலும் சடங்கும் நூலும் இடமும் எப்படித் தப்பிப் பிழைத்தன என்பதே கேள்வி. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று.

சுவாமி மலையில் இருந்த கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கீசர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். கட்டடம் என்ற ஒன்றிலேயே வழிபாடு முழுவதும் தங்கியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அடியார்கள் திருவுருவங்கள் சிலவற்றைக் கொண்டுபோய்த் தம்பலகாமத்தில் வழிபட்டனர் என்பதும், ஆதி கோணநாயகர் ஆலயம் அவ்வாறு எழுந்தது என்பதும் மரபு. வேறு சில திருவுருவங்கள் மண்ணுக்குள் இருந்தன. 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டு, 1963இல் குடமுழுக்குக் கண்ட ஆலயத்தில் மீண்டும் வழிபாட்டுக்கு வந்தன. “நிரைகழல் அரவம்” எனத் தொடங்கும் திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் கோட்டைப் படையினரின் கைக்கு எட்டாத தொலைவில், தமிழ்நாட்டின் ஏடுகளிலும் ஓதுவார்களின் வாயிலும் இருந்தது. இடமும் உருவமும் பாட்டும் வெவ்வேறு காரணங்களால் மட்டுமே அழியக்கூடியவை. ஒரே படையெடுப்பு மூன்றையும் தொட முடியவில்லை. இழப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பழைய ஆலயத்தின் கட்டடமும் அதன் கல்வெட்டுகளில் பெரும்பகுதியும் போய்விட்டன. நிகழ்ந்தது தாழ்நிலைத் தொடர்ச்சி.

தேவாரத்தின் வரலாறு முழுவதுமே இந்தப் பாடத்துக்கு ஏற்றது. ஏடுகள் சிதம்பரத்தில் பூட்டிய ஓர் அறையில் இருந்து கறையானுக்கு இரையாயின என்றும், முதலாம் இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி எஞ்சியவற்றை மீட்டுத் தொகுத்தார் என்றும் மரபு கூறுகின்றது. பாதுகாப்பாக ஓரிடத்தில் பூட்டி வைத்ததே அழிவுக்கு வழியாயிற்று. சொற்களை ஏடு தந்தது; பண்களை, அதாவது பாடும் முறையை, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியிடமிருந்தே பெற வேண்டியிருந்தது என்கின்றது அதே மரபு. பிற்காலத்தில், 1917இல், ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. ஓலையைத் தின்னும் கறையானுக்குக் கல் உணவாகவில்லை.

சம்பந்தர் பதிகங்களின் அமைப்பே ஒரு சரிபார்ப்புத் தகவலாக வேலை செய்வதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவற்றில் எட்டாம் பாட்டில் இராவணனும், ஒன்பதாவதில் அயனும் மாலும், பத்தாவதில் சமணரும் பௌத்தரும், இறுதிப் பாட்டில் சம்பந்தரின் பெயரும் பதிகத்தை ஓதுவதன் பயனும் வரும். அதனால்தான் ஒரு பாட்டு காணாமற் போனால் அது எத்தனையாவது என்று சொல்ல முடிகின்றது. ஏழாம் செய்யுள் மறைந்து போயிற்று என்ற குறிப்பைத் தேவாரப் பதிப்புகளில் பல பதிகங்களுக்குக் கீழே காணலாம். ஹமிங் பிரித்துக் காட்டிய வேறுபாடு இங்கும் உண்டு: அமைப்பு இழப்பைக் கண்டுபிடித்துத் தரும், இழந்த பாட்டைத் திருப்பித் தர இன்னொரு படி வேண்டும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம் மக்களின் மரபில் இதே அறிவு இன்னும் திட்டமிட்ட வடிவில் இருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் உயிரிழந்ததை அடுத்தே, கலீபா அபூபக்கர் (ரலி) அதை ஒரே தொகுப்பாக எழுதுவிக்க ஏற்பாடு செய்தார் என்பது இஸ்லாமிய வரலாறு. நினைவு மட்டும் போதாது என்று உணர்ந்தபோதும் அவர்கள் நினைவைக் கைவிடவில்லை. இன்றுவரை ஹாபிழ்கள் முழுவதையும் மனனம் செய்கிறார்கள். றமழான் இரவுகளின் தராவீஹ் தொழுகையில் இமாம் மனனமாக ஓத, பின்னால் நிற்கும் இன்னொரு ஹாபிழ் செவிமடுத்து, தடுமாறிய இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்கிறார். எழுத்து கெட்டால் நினைவு திருத்தும். நினைவு தவறினால் எழுத்து திருத்தும். ஆண்டுதோறும் முழுப் பிரதியும் பலர் முன்னிலையில் சோதிக்கப்படுகின்றது. கணினி நிலையங்கள் பலவற்றில் இந்த ஒழுங்கு இல்லை.

மாறாக, ஒரு சமூகத்தின் சமய வாழ்வு முழுவதையும் ஒரே குருவின் சொல்லிலோ ஒரே தலைவரின் செல்வாக்கிலோ தங்கவைத்தால், அவர் தவறும் நாளில் அவரோடு சேர்ந்து பலருடைய நம்பிக்கையும் உடைகின்றது. அங்கே உடைந்தது நம்பிக்கையா, அதைத் தாங்கிய ஒற்றைத் தூணா என்று பிரித்தறியவே அவர்களுக்கு நீண்ட காலம் பிடிக்கின்றது.

மிகைமையின் விலையும் சோதனையும்

கூடுதலாக வைப்பதெல்லாம் நன்மை என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் ஐந்து கணினிகள் இருந்தன. நான்கில் ஒரே மென்பொருளும், ஐந்தாவதில் வேறு குழுவினர் தனியே எழுதிய மென்பொருளும் ஓடின. பொதுக் காரணப் பழுதைத் தவிர்க்கும் சிறந்த ஏற்பாடு அது. ஆனால் 1981 ஏப்ரல் 10ஆம் திகதி முதற் பயணம் புறப்பட இருந்தபோது, ஐந்தாவது கணினி மற்ற நான்கோடும் நேரம் ஒத்துப்போகவில்லை. பயணம் இரண்டு நாட்கள் தள்ளிப்போயிற்று. பழுதைத் தாங்குவதற்காகச் சேர்த்த இணைப்பிலேயே பழுது வந்தது. ஒவ்வொரு கூடுதல் உறுப்பும் கூடுதல் இணைப்பைக் கொண்டுவருகின்றது, அந்த இணைப்பும் கெடக்கூடியதே.

மற்றொரு விலை கண்ணுக்குத் தெரியாதது. நன்றாகப் பழுது தாங்கும் அமைப்பு, பழுதை மறைத்தும்விடும். மூன்று தட்டுகளில் ஒன்று போன பின்பும் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். எச்சரிக்கை விளக்கை எவரும் பார்க்காவிட்டால், அடுத்த தட்டு போகும் நாளில்தான் முதலாவது போனது தெரியவரும். ஆகவே பழுதைக் கண்டறிதல், மாற்றுக்கு மாறுதல், பழுதான உறுப்பைச் சீர்செய்து மீண்டும் சேர்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பழுது தாங்கும் தன்மை முழுமை பெறும். மூன்றாவது இல்லாத அமைப்பு தனது மிகைமையைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டிருக்கின்றது.

ஒரு சிறு சங்கம் இவற்றையெல்லாம் பெரும் செலவின்றிச் செய்யலாம். கணக்குப் பதிவின் ஒரு படி அலுவலகக் கணினியிலும், மாதம் ஒருமுறை எடுத்துக் கழற்றி வைக்கும் வெளித்தட்டில் இன்னொரு படி நகரின் வேறு பகுதியில் உள்ள ஓர் உறுப்பினர் வீட்டிலும், ஆண்டிறுதிக் கணக்கின் அச்சுப் படி ஆவணக் கோவையிலும் இருக்கட்டும். 2004 ஆழிப்பேரலையை நினைவில் கொண்டவர்கள், அந்த வீடு கடற்கரையில் இருக்கக்கூடாது என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். பொதுக்கூட்டத்துக்கு முந்திய வாரத்தில், அந்தப் படியை எடுத்தவர் அல்லாத வேறொருவர், வேறொரு கணினியில் வெளித்தட்டைப் பூட்டி, சென்ற ஆண்டின் ஏதாவது ஒரு மாதக் கணக்கைத் திறந்து, கோவையில் உள்ள அச்சுப் படியோடு தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தட்டு திறக்காவிட்டாலோ தொகை பொருந்தாவிட்டாலோ, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, புதிய படி எடுத்து முடித்த பிறகே கூட்டத்தைத் தொடங்க வேண்டும்.